படம் நின்றபோது அப்பா சொன்னது

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். நீயும் நலம் என்று நானே எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும், அதனால் வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, மெல்ல மெல்ல நீ நலமாக வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் அப்பா பேச்சை ஆரம்பித்தவுடன் வைத்துவிடுவாய், உன் கோபம் எனக்குத் தெரியாதா. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார், அதற்காகத்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். கிழித்துப் போடுவதானாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

அன்றைக்கு நீ கூப்பிட்டபோது வழக்கம்போலப் படம் நின்று நின்று வந்தது. உன் முகம் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக உறைந்து கிடந்தது. படத்தை நிறுத்திட்டுப் பேசலாம்ப்பா, குரலாவது ஒழுங்கா வரும் என்று சொல்லி நீதான் நிறுத்தினாயாம். அந்த நேரம் நான் கூடத்தில் நாற்காலி மேல் ஏறி, பிரிட்ஜ் தலையில் இருந்த வைஃபை ரௌட்டர் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் கொம்புகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அதனால் நீ சொன்னது என் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் உன் செய்தி வந்தது. நானும் அவரும் பிரிஞ்சிட்டோம்னு சொன்னேன், ரொம்ப நல்லதும்மா சந்தோஷம்னு சொல்றார் அப்பா, இத்தனை வருஷம் இதுக்குத்தான் காத்திருந்தாரா என்று எழுதியிருந்தாய். நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவர் உன் அப்பாதான், ஒத்துக்கொண்ட பிறகும் எத்தனையோ நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்தான், ஆகையால் நீ அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். என்ன சொன்னா உங்க பொண்ணு என்று கேட்டேன். நல்லா இருக்காளாம், வேலையெல்லாம் நல்லாப் போகுதாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார். மனுஷனுக்குக் கல் நெஞ்சு என்று முடிவு கட்டிவிட்டேன். அதன் பிறகு தட்டை வைப்பேன், எடுப்பேன், பேச்சு கிடையாது. அவரோ வைஃபை சரியாக வரவில்லை என்றுதான் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

என்ன கோபம் இருந்தாலும் நீ திரும்பக் கூப்பிடும் நாளில் படம் நிற்கக் கூடாது என்று கம்ப்யூட்டர் கடைக்காரரை வரச் சொன்னேன். அவர் பார்த்ததும், பெட்டியில இருந்த கம்பெனி சாப்ட்வேரை எடுத்துட்டு இலவசமா கிடைக்கிறதை யாரோ ஏத்தியிருக்காங்க, அதுதான் கோளாறு, பழசையே திரும்பப் போட்டுடறேன் என்றார். என் மகள் போனமுறை வந்தபோது ஒரு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து ஏற்றியது அது, அதற்கப்புறம் எத்தனையோ மாதம் வெண்ணெய் மாதிரி ஓடியது, நடுவில் என்ன மாறியது என்று பாருங்கள், அதைத் தொடாதீர்கள் என்றேன். என் தையல் மிஷின் தையலை விட்டு விட்டுப் போட்டால் ஊசி, நூல், இறுக்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றமாட்டேன், மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். இதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சரிக்கா, ஒவ்வொண்ணா பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். நல்ல பிள்ளை.

படுக்கையறையில் போனில் சிக்னல் கோடு அத்தனையும் நிமிர்ந்து நிற்கிறது, படம் மட்டும் நகரவில்லை. அது எப்படி என்று அவருக்கும் புரியவில்லை. நீ போட்ட சாப்ட்வேரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால், சிக்னல் அனுப்பும் பலத்தை யாரோ உச்சத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். யாருங்க இதை ஏத்தினது என்று கேட்டார். உன் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வைஃபை போட்டதும் நம் வேகம் குறைந்ததாம், இவர் சத்தத்தைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு கூட்டிவிட்டார். கடைக்காரர் எனக்குப் புரிகிறபடி சொன்னார். பெட்டி கத்துது, அதனால போனுக்கு நல்லா கேக்குது, கோடெல்லாம் நிக்குது. ஆனா போன் சின்னது, அது திருப்பிச் சொல்றது ரெண்டு சுவர் தாண்டிப் பெட்டிக்குக் கேக்கணுமே, பெட்டி எவ்வளவு கத்தினாலும் அதோட காது கூர்மை ஆகாதே என்றார். பலத்தை நடுவுக்கு இறக்கினார். பிரிட்ஜின் இரும்புத் தலையிலிருந்து பெட்டியை இறக்கி நடைவழியில் அலமாரி மேல் வைக்கச் சொன்னார், அதில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. அக்கம்பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் நம்முடைய சேனலிலேயே, அதாவது நம் சிக்னல் போகிற பாதையிலேயே, நெருக்கிக்கொண்டிருந்தன, அதை மாற்றி, அகலமாக விட்டிருந்த பாதையையும் குறுக்கினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொட்டார். எல்லா அறையிலிருந்தும் பேசிப் பாருங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேசிப் பார்க்க ஆள் வேண்டுமே. வழக்கு தனி, வைஃபை தனி என்று மனதைத் தேற்றிக்கொண்டு உன் அப்பாவைப் படுக்கையறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். நான் சமையலறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டேன். படம் பளிச்சென்று வந்தது. கேட்டதற்கெல்லாம் கணீர் கணீரென்று பதில் சொன்னார். அப்புறம் நீ அன்றைக்குப் படத்தை நிறுத்திவிட்டுத்தானே பேசினாய் என்று ஞாபகம் வந்து, அதையும் பார்த்துவிடுவோம் என்று படத்தை நிறுத்தினேன். சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்றேன். ஆமா ஆமா, நல்லா வருது என்றார். விளையாடுகிறார் என்று எரிச்சல் வந்தது. உங்க நீலச் சட்டையை அடுப்பில் போட்டுக் கொளுத்திட்டேன் என்றேன், உள்ளே இருந்த கோபம் அப்படி. ரொம்ப நல்லதும்மா, சந்தோஷம் என்றார்.

போனை அப்படியே மேடையில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதை வாங்கி என் காதில் வைத்தேன். சமையலறைக் குழாயில் சொட்டுகிற தண்ணீர்கூடக் கேட்டது. அவருக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் வந்து எத்தனை நாளா இப்படி என்று கேட்டதும் பிடிபட்ட பிள்ளை மாதிரி தலை குனிந்துகொண்டார். அச்சகத்தில் இத்தனை வருஷம் இயந்திரங்களின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்த காது கண்ணு, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுகிறார். டிவியில் கீழே எழுத்து ஓடவிட்டுப் பார்ப்பதும் அதற்குத்தானாம். நான் ஒரு பைத்தியம், இந்த வயதில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுகிறாரே என்று உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். சொன்னால் அவள் அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு கவலைப்படுவாள் என்று மறைத்திருக்கிறார். படம் இல்லாதப்ப அவ குரல் நின்னதும் ரொம்ப நல்லதும்மான்னு சொல்லிடுவேன், அவ எப்பவும் நல்ல சேதிதானே சொல்லுவா என்றார்.

நீ சொன்னதை நான்தான் அவரிடம் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லு என்று என் உதட்டையே பார்த்தார். சொன்னேன். அதுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். அதையும் சொல்லவேண்டியதாயிற்று. எழுந்து பால்கனிக்குப் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. வந்ததும், கூட யாராவது இருக்காங்களா அவளுக்கு, தனியா சமைச்சுச் சாப்பிடறாளா என்று கேட்டார். மாப்பிள்ளையைத் திட்டுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனும் பாவம் தனியாத்தான் இருப்பான் என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நடைவழியில் அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். நானே கூப்பிட்டுச் சொல்றேன் என்கிறார், நீ எடுக்கமாட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காது டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். காதில் மெஷின் மாட்டினால் கிழவனாகத் தெரிவேனாம். அந்தப் பெட்டியே கொம்பு வைத்துக்கொண்டு வெட்கப்படாமல் நிற்கிறது, உங்களுக்கென்ன என்று கேட்டிருக்கிறேன்.

உங்களுக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. சொல்லத் தோன்றும்போது சொல், தோன்றாவிட்டால் விடு. உன் மனம் எவ்வளவு நொந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே. லீவு கிடைத்தால் கிளம்பி வா, உன் அறை உன் அறையாகவே இருக்கிறது, இப்போது அங்கேயும் வைஃபை வருகிறது. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் கூடவே இருக்கும், நீ மனம் தேறி நன்றாக இருப்பாய்.

இதைப் படித்ததும் அப்பாவை வீடியோவில் கூப்பிடு. விளக்கு உன் முகத்துக்கு நேராக இருக்கட்டும், மெல்லப் பேசு. அழுகை வந்தால் சின்ன வயதிலிருந்து செய்வதுபோல வாயைக் கையால் பொத்திக்கொள்ளாதே. அழுதுகொண்டே சொன்னாலும் பரவாயில்லை, கையை மட்டும் எடுத்துவிடு, அவர் உன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா