இரண்டாம் முறை வந்த அம்மை

மார்ச் 4, செவ்வாய்
சலவைக் கடையில் இன்று மலைபோல் துணி. இஸ்திரி போட்டுத் தோள்பட்டை கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மறிக்கிறார் அண்ணி: "கையக் கழுவிட்டுப் புள்ளையத் தொடு." என் வீடு, என் மகள்! கணவர் லாரியோடு வெளியூர் போயிருப்பதால் துணைக்கு வந்த அவருடைய அக்கா, மாமியார் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். நானும் பாப்பாவும் வைத்திருக்கும் பெயர் இன்ஸ்பெக்டர்.

மார்ச் 7, வெள்ளி
குளிப்பாட்டும்போது பாப்பாவின் காதுக்குப் பின்னால் நீர்கோத்த கொப்புளம் ஒன்றைப் பார்த்திருக்கிறார் அண்ணி. கொசுக்கடி என்றேன். போன வருஷம்தானே அம்மை போட்டது, ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்றேன். அவர் வாதாடவில்லை. துண்டையும் மாற்றுத்துணியையும் பையில் திணித்தார்.
"ஒண்ணுமில்லன்னா சிரிச்சிட்டுத் திரும்பி வருவோம். கிளம்பு."
ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றினால் முதுகில் இன்னும் சில.

மார்ச் 8, சனி
அம்மையேதான். தனி அறை, நரம்பு வழியாக மருந்து.
டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "ஒரு தடவை வந்தா உடம்பு அதை ஞாபகம் வச்சுக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு இவ சாப்பிடுற மாத்திரை அந்த ஞாபகத்தை மங்க வச்சிருது. அதான் திரும்ப வருது. நல்ல வேளை, உடனே கூட்டிட்டு வந்தீங்க."
நான் அண்ணியைக் கைகாட்டினேன். அவர் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு
காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்குகிறாள். நுரையீரலுக்குப் போயிருக்குமோ? படம் எடுத்திருக்கிறார்கள். ஏன் இவளுக்கே — என்னால முடியல.

மார்ச் 10, திங்கள்
நுரையீரலில் ஒன்றுமில்லை.

மார்ச் 12, புதன்
புதிதாகக் கொப்புளம் எதுவுமில்லை. ஏற்றுகிற மருந்து கேட்கிறது. தெம்பு வந்ததும் பாப்பா வாய்தவறி "இன்ஸ்பெக்டர் அத்தை" என்று கூப்பிட்டுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணி முகம் மாறாமல், "அப்ப எனக்கு ஒரு தொப்பி வாங்கிக் குடுக்கச் சொல்லு உங்கம்மாவ" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு
வீடு! பொருக்கெல்லாம் உதிர்கிறது. மாத்திரை முடியும்வரை மறுபடியும் வரலாமாம். ஒரே ஒரு கொப்புளம் என்றாலும் ஓடிவரச் சொன்னார்கள். கடையில் என் பங்குத் துணியையும் பக்கத்து மேசைக்காரி தேய்த்து முடித்திருக்கிறாள். எத்தனை பேர் கை தாங்கியிருக்கிறது எங்களை.

மார்ச் 30, ஞாயிறு
கணவர் திரும்பிவிட்டார். வெள்ளியிலிருந்து பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். அண்ணி ஊருக்குக் கிளம்பினார். நான்தான் பஸ் ஏற்றிவிடப் போனேன். நன்றி சொல்ல வழியெல்லாம் வார்த்தை தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை.
பஸ் வந்தது. "கூட்டமா இருக்கு, அடுத்ததுல போறேன்" என்றார். பாதி இருக்கை காலி.
நான் அவர் பையைக் கீழே வைக்காமல் என் தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றேன்.