தொழிலாளி மகளுக்கு ஓர் இடம்

1985 பிப்ரவரி 12, ஹாலே, கிழக்கு ஜெர்மனி

காலையிலிருந்து நிலக்கரிப் புகை. ஜன்னல் விளிம்பைத் துடைத்து முடிப்பதற்குள் மறுபடி கறுப்பு.

கணிப்பொறி அறையிலிருந்து அட்டவணை வந்துவிட்டது. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளாம். மேலிடத்துக்கு இனிக்கும். ஆனால் ‘தொழிலாளி’ என்ற கட்டத்துக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ராணுவ அதிகாரி, கட்சிச் செயலாளர் எல்லாரும் கணக்கில் தொழிலாளிதான். அவர்களைத் தனியே எடுத்து வைத்து மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 20

வந்தது. உலையிலும் இயந்திரத்திலும் நிற்பவர்களின் பிள்ளைகள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

உலைக்காரர் மகளான என்னை வீடு தேடி வந்து கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார்கள். அந்தக் கதவு எப்போது சாத்தப்பட்டது? நான் உள்ளே இருந்ததால் சத்தம் கேட்கவில்லையோ?

பிப்ரவரி 21

எங்கள் ஆய்வுப் பிரிவின் தலைவர் வீகாண்ட் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒண்ணா இருக்கிற வர்க்கத்தை ரெண்டா வெட்டச் சொன்னது யாரு, தோழர் குட்ரூன்?”

“யாரும் சொல்லல. அப்படித்தான் இருக்கு.”

“இருக்கட்டுமே. இருக்கிறதையெல்லாம் எழுதணும்னு சட்டமா?”

மார்ச் 3, ஞாயிறு

பிட்டர்ஃபெல்டில் தம்பி எக்கார்ட் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மார்லிஸ் உருளைக்கிழங்கு உருண்டை செய்திருந்தாள். யாருக்கும் இறங்கவில்லை.

அவர்கள் மகள் சில்கேயின் வகுப்பிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு இரண்டே பேர்தான் போகலாம். மதிப்பெண்ணில் முதல் ஆள் அவள். அவளுக்கு இடமில்லை. ஆலைக் கழிவு விழும் ஆற்றில் ஏன் நுரை பொங்குகிறது என்று வகுப்பில் எழுந்து கேட்டாளாம். ஓர் இடம் ஒரு கர்னலின் மகனுக்கு. படிப்பில் அவன் எங்கேயோ பின்னால். இன்னொன்று ரமோனாவுக்கு. எக்கார்ட்டோடு ஒரே ஷிஃப்டில் ரசாயன ஆலையின் குளோரின் கூடத்தில் நிற்கிற ப்ரூனோவின் மகள். அவளும் கெட்டிக்காரிதான்.

“கர்னல் கையில எண்ணெய்ப் பிசுக்கு பட்டிருக்குமா? ஆனா அவரும் தொழிலாளி, நானும் தொழிலாளி. பங்காளிங்கக்கா நாங்க!” எக்கார்ட் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

“அண்ணி, நீங்க பெரிய இடத்துல இருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றாள் மார்லிஸ்.

சில்கே மட்டும், “அவங்ககிட்டப் போய்க் கெஞ்சாதீங்க அத்தை” என்றாள்.

மார்ச் 11

கெஞ்சினேன்.

வீகாண்ட் பொறுமையாகக் கேட்டார். “கர்னல் பையனைவிட அவளுக்குத்தான் நியாயம். கல்வி அலுவலகத்துல நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு, பேசறேன்.” பிறகு என் அட்டவணையை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். “நீங்களும் இதைக் கொஞ்சம் பாருங்க. பழையபடி ஒண்ணாச் சேர்த்துடுங்களேன்.”

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை. நல்ல காபி கொடுத்தார்.

மார்ச் 12

சேர்த்துவிட்டேன்.

மார்ச் 13

ஒரு நாள்கூடத் தாங்கலையே நான். சில்கேவுக்காகத்தானே செஞ்சேன்? வேற யாருக்காக? போகப்போறது கர்னல் பையன் இடம், அவனுக்கு ஆயிரம் வழி இருக்கு — இப்படித்தான் சொல்லிக்கிறேன். சொல்லிக்கிட்டே இருக்கேன்.

மே 7

சில்கேவுக்கு இடம் கிடைத்துவிட்டது! மார்லிஸ் தபால் நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். அழுகையில் பாதி புரியவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு இன்று வேலைக்கு நடந்தே போனேன்.

மே 12

கேக் வாங்கிக்கொண்டு பிட்டர்ஃபெல்ட் போனேன். எக்கார்ட் வாசலை விட்டு நகரவில்லை.

“யாரை வெளிய தள்ளிட்டாங்க தெரியுமா உனக்கு? ரமோனாவை. ப்ரூனோ பொண்ணை!”

“கர்னல் பையன்...”

“கர்னலைத் தொடுவாங்கன்னா நெனச்சே? யார் மேல போறான், யார் கீழ விழறான்னு பார்க்கறதுதானேக்கா உன் படிப்பே? உனக்கா தெரியாது?”

தெரியும். தெரியாமல் என்ன? வீகாண்டிடம் கேட்டபோது தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

திரும்பும்போது கேக்கை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். என் அறிக்கையில் ஒரு எண்கூட மாறாது. ஒரு தொழிலாளி மகள் வெளியே, ஒரு தொழிலாளி மகள் உள்ளே. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும்.

ஜூன் 19

சேர்த்து எழுதிய அறிக்கைக்கும் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். யாரும் படிக்கப்போவதில்லை. வெட்டியிருந்தாலும் ஒன்றுதான், ஒட்டியிருந்தாலும் ஒன்றுதான்.

ஜூலை 14

சில்கே என்னிடம் பேசுவதில்லை. இடம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் போனாளாம். “நீ விட்டா ரமோனாவுக்குக் கொடுப்போம்னு யார் சொன்னது?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

ஆகஸ்ட் 31

மார்லிஸ் கூப்பிட்டாள் என்று போனேன். எக்கார்ட் நான் வருவது தெரிந்து ஷிஃப்ட் மாற்றிக்கொண்டிருந்தான். திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ப்ரூனோ. கண்ணெல்லாம் குளோரின் சிவப்பு.

“எக்கார்ட்டோட அக்காதானே? அவன் இப்பல்லாம் எங்கூட ஒக்காந்து சாப்பிடறதே இல்ல. என்ன கோவமோ.”

அவருக்குத் தெரியாது.

“நம்ம சனத்துல ஒருத்தர் அவ்ளோ ஒசரத்துல இருக்கிறது எங்களுக்கெல்லாம் ஒரு தெம்பும்மா. ரமோனாவுக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறீங்களா? திங்கக்கெழமை அவளை ஆலையில சேத்துக்கறாங்க. அதுக்கப்புறம் எங்க...”

தோட்டத்துப் பிளம் பழம் என்று காகிதத்தில் சுற்றி ஒரு பொட்டலம் கொடுத்தார். வேண்டாம்னு சொல்ல வாய் வரல. வாங்கிக்கிட்டேன்.

செப்டம்பர் 3

நேற்று பள்ளி திறந்தது. ஆலைப் பயிற்சியும் நேற்றுதான் ஆரம்பம்.

ப்ரூனோவுக்காக வீகாண்டிடம் நான் போகவில்லை. போனால் அவர் செய்துகொடுப்பார். எங்கோ ஒரு வீட்டுப் பிள்ளை வெளியே வரும், அது கர்னல் வீடாக இருக்காது.

பிளம் பழங்களை என்னால் சாப்பிட முடியவில்லை. அலுவலக மேசையில் வைத்தேன். வீகாண்ட் இரண்டு எடுத்துக்கொண்டார். ரொம்ப இனிப்பு, எந்த ஊர்ப் பழம் என்று கேட்டார்.