கையகல நிழல்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் தங்கையும் சுகம், என் வலது முழங்காலைத் தவிர. அது மட்டும் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. அங்கே குளிர் தொடங்கிவிட்டதாமே, நீ காதை மூடாமல் வெளியே போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அவரைக் கோள்சொல்லி என்று திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்தில் பேச முடியாது, அதனால்தான்.

நான் டீச்சராக இருந்த பள்ளியிலேயே நீ ஒன்றாம் வகுப்புப் படித்தபோது என்னைக் கேட்ட ஒரு கேள்வி நினைவிருக்கிறதா? பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம். நீளமான கயிறு ஒன்றைக் கொடுத்து, யாரும் கையை விடக்கூடாது என்று சொல்லி, வரிசையாக நடக்க வைப்போம். அன்று ஒரு பிள்ளைக்குச் செருப்பு வார் அறுந்துபோய்க் காலை இழுத்து இழுத்து நடந்தது. "என் கால் நல்லாத்தானேம்மா இருக்கு, நான் ஏன் மெதுவா நடக்கணும்?" என்று கேட்டாய். ஒரே கயிறு, அதனால் ஒரே வேகம் என்றேன். அந்தப் பதில் உனக்குப் பிடிக்கவில்லை, வீடு வரும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாய். அந்தக் கேள்வி போன வாரம் நம் மொட்டை மாடியில் மறுபடி என் முன்னால் வந்து நின்றது.

சின்னவளின் தையல் கூடத்தில் மிஷின்கள் நின்று நின்று ஓடுவது உனக்குத் தெரியும். பள்ளிச் சீருடை ஆர்டர் கிடைத்ததும் எவ்வளவு ஆசையாக இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். நம் தெருவில் மெயின் கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் கூடம் முழுக்க மாடியில் இருக்கும் சோலார் பேனல்களை நம்பித்தான் ஓடுகிறது. முன்பெல்லாம் ஒரு குறையும் இல்லை. இந்த ஆர்டர் வந்ததிலிருந்து மத்தியானத்துக்குள் பேட்டரி சோர்ந்து, இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தி, மிஷின்கள் நின்றுவிடும். வேலை கூடியதால் செலவு கூடிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினோம், மின்விசிறியை நிறுத்தினோம், கடைசியில் டிவியையும் நிறுத்தினோம். "நான் செய்தி பார்க்கிறதாலதான் பிள்ளைங்களுக்குச் சட்டை இல்லாம போச்சா?" என்று அப்பா ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். அந்தச் சமயத்தில்தான் நீ போனில், "இதெல்லாம் உனக்குச் சரிப்படாதுடி, பேசாம ஒரு கம்பெனியில வேலைக்குச் சேரு" என்று அவளிடம் சொன்னாய். நீ அக்கறையில் சொன்னாய், எனக்குத் தெரியும். அவள் போனை வைத்துவிட்டு, ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், இந்தப் பெண்களை வேறு எங்காவது சேர்த்துவிடுகிறேன் என்றாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, அழவும் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. காரணம் தெரியாமல் கடையை மூட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பேனல் மாட்டிக் கொடுத்தவரை வரச் சொன்னோம். தெருவே அவரை மின்னல் என்றுதான் கூப்பிடுகிறது, கூப்பிட்டு ஒரு வாரம் கழித்து வருவதால். மாடியைச் சுற்றிப் பார்த்தார், பேனலைத் தட்டிப் பார்த்தார், "எல்லாம் கல்லு மாதிரி இருக்கு டீச்சர், உங்களுக்கு லோடுதான் ஜாஸ்தி, இன்னும் நாலு பேனல் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. பரீட்சையில் மார்க் குறைந்தால் பிள்ளை படிக்கவில்லை என்று உடனே சொல்லிவிடலாம், ஆனால் கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும் இல்லையா.

அடுத்த விடுமுறை நாளில் கூடம் பூட்டிக் கிடந்தது. முந்தின நாள் ஓட்டியதில் பேட்டரி வெறும் வயிறாக இருந்தது, வெயிலோ பளிச்சென்று அடித்தது. அப்படியானால் பேனலிலிருந்து கரண்ட் கொட்ட வேண்டும். மாடிப்படி மேலே இருக்கும் இன்வெர்ட்டரில் பேனல் கரண்டைக் காட்டும் எண்ணைப் பார்த்தால், வர வேண்டியதில் பாதிக்கும் கீழே. ஒரு மிஷின்கூட ஓடவில்லை, செலவைக் குறை சொல்ல வழியே இல்லை. சரி, வந்ததற்கு ஒரு வேலையாவது ஆகட்டும் என்று கொடியில் காய்ந்திருந்த சீருடைத் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு திரும்பினேன். எண் கிடுகிடுவென்று ஏறி இருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, இந்த வயதில். மடித்த துணியை உதறி மறுபடி கொடியில் போட்டேன், எண் இறங்கியது. எடுத்தேன், ஏறியது. அப்பா கீழேயிருந்து, "என்ன, துணிகிட்ட கண்ணாமூச்சி ஆடுறியா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். சீருடைக்கு வாங்கியது பருத்தித் துணி, வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிச் சட்டைக் கை முழங்கைக்கு ஏறிவிடும். காய்வதற்கு வெயில் வேண்டும் என்று பேனல்களுக்கு முன்னால், வரிசை நீளத்துக்கும் கொடி கட்டியிருந்தாள் சின்னவள். வெயில் சாய்வாக இருக்கும்போது அந்தத் துணிகளின் நிழல் ஒவ்வொரு பேனலின் கீழ் விளிம்பிலும் கையகலத்துக்கு விழும். மேலே முழுதும் தகதகவென்று மின்னும்போது அடியில் கிடக்கும் அந்தப் பட்டையை யார் கவனிப்பார்கள்? வேலை கூடக் கூடத் துணி கூடியது, துணி கூடக் கூட நிழல் கூடியது. நாம் டிவியை நிறுத்திக்கொண்டிருந்தோம்!

கையகல நிழல் பாதிக்கு மேல் எப்படித் தின்னும் என்று நீ கேட்பாய். இங்கேதான் உன் கயிறு வருகிறது. பேனலுக்குள் இருக்கும் சிறு கட்டங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை, பேனல்களும் அப்படியே. கோத்த வரிசை முழுக்க ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒரு கட்டம் நிழலில் மெதுவாக நடந்தால் வெயிலில் நிற்பதும் அதே வேகத்தில்தான் நடக்க முடியும். நொண்டும் பிள்ளையை ஓரமாக விட்டுவிட்டு மற்றவர்கள் முன்னே போவதற்கு, ஒவ்வொரு பேனலிலும் நெடுக்காக மூன்று பகுதி பிரித்து, பகுதிக்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். நிழல் பக்கவாட்டில் விழுந்தால் ஒரு பகுதி மட்டும் போகும். நமக்கு விழுந்ததோ அடியில், மூன்று பகுதிக்கும் பாதத்தில். அதுவும் ஒரு பேனல் விடாமல். எல்லாப் பிள்ளைக்கும் செருப்பு அறுந்தால் யாரை ஓரமாக விடுவது?

துணியைப் பேனல்களின் முதுகுப் பக்கம் போடலாம் என்றால் அங்கே வெயில் இல்லை, துணி ஊறல் நாற்றம் எடுக்கும். இருப்பது ஒரே மாடி, ஒரே வெயில், துணிக்கும் வேண்டும், மிஷினுக்கும் வேண்டும். மின்னலை மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை அவர் நிஜமாகவே மின்னலாக வந்தார், டீச்சர் கண்டுபிடித்துவிட்டார் என்று தெருவில் யாரோ ஊதியிருக்கிறார்கள். அவர் கண்முன்னால் துணியைப் போட்டு எடுத்துக் காட்டினேன். "அடடா, நான் வந்த அன்னிக்குக் கொடி காலியால்ல இருந்துச்சு" என்று தலையைச் சொறிந்தார். அதுவும் உண்மைதான். கொடியை ஓர் ஓரமாகச் சுருக்கி, அந்த ஓரத்துப் பேனல்களை மட்டும் தனிக் கயிறாகப் பிரித்துவிடலாமே என்றேன். இன்வெர்ட்டரில் பேனல் வயரைச் செருக இரண்டாவது வாய் ஒன்று சும்மாதான் கிடக்கிறது, தாராளமாகச் செய்யலாம் என்றார். மூன்று போதும் என்று நான் சொன்னதற்கு மட்டும், "மூணு மாட்டினா வோல்டேஜ் பத்தாது டீச்சர், இந்த இன்வெர்ட்டர் கண்ணே திறக்காது, நாலு வேணும்" என்று திருத்தினார். மாடியில் இருக்கும் பத்துப் பேனலில் ஆறு ஒரு கயிறு, நான்கு இன்னொரு கயிறு. சூரியன் மறையும் பக்கத்து ஓரத்தைத் துணிக்குக் கொடுத்தோம், அங்கே காலை நிழல் பேனல்களைத் தாண்டி வெளியே விழுந்துவிடும், மாலை நிழல் திரும்பி வருவதற்குள் துணி காய்ந்து இறங்கிவிடும். தப்பித் தவறி விழுந்தாலும் அந்த நான்கோடு போகும், ஆறு பேர் தம் வேகத்தில் நடப்பார்கள்.

நேற்று கொடி நிறையத் துணி, கூடத்தில் எல்லா மிஷினும், இஸ்திரிப் பெட்டியும் சேர்த்து, பொழுது சாயும்வரை ஓடின. அப்பா வேண்டுமென்றே சத்தமாக வைத்துச் செய்தி பார்த்தார். அந்த இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே தைத்தார்கள். சின்னவள் மட்டும் கழுத்துப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "இந்தத் தடவை ஓடிடுச்சும்மா, ஆனா அக்கா சொன்னதுதான் சரியோ என்னவோ" என்றாள். நாளை மறுநாள் பள்ளிக்குப் போய் ஆர்டரை வைத்துக்கொள்கிறாளா, திருப்பித் தருகிறாளா என்று சொல்ல வேண்டும். வயரைப் பிரித்து மாட்ட ஆள் கிடைத்தார். அவள் மனதை நான் எப்படிப் பிரித்து மாட்டுவது? நான் நூறு முறை தைரியம் சொன்னாலும் அது அம்மா சொல்வது, கணக்கில் சேராது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நீ சொன்னால்தான் வேதம். அந்தக் கூடத்தை மூட நான் விடப் போவதில்லை, அதற்கு உன் துணை வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நீடு வாழ வேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. கல்லூரியில் சேர்ந்தபோது நான் வாங்கித் தந்த, பேட்டரி இல்லாமல் வெளிச்சத்திலேயே ஓடும் அந்தப் பழைய கால்குலேட்டர் இன்னும் உன் மேஜையில் இருக்கிறது என்றாயே, அதை ஜன்னலோரம் வைத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்து. மேலே நான்கு சின்னக் கறுப்புக் கட்டங்கள் இருக்கும், அதில் ஒன்றே ஒன்றை விரலால் மூடி, மற்ற மூன்றும் வெளிச்சத்தில் இருந்தும் எண் எப்படி மங்கிப்போகிறது என்று பார். பார்த்துவிட்டு விரலை எடு, எடுத்த கையோடு உன் தங்கைக்குப் போன் செய்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா