ஏழாவது பூச்சு

அத்தை,

மூன்று முறை சோப்புப் போட்டும் விரலில் டர்பென்டைன் வாடை போகவில்லை. அதற்கடியில் இன்னொரு வாடை: பழைய எண்ணெயும் பூஞ்சணமும் சேர்ந்து, ஈரச் சாக்கை மோந்த மாதிரி. கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்த அன்றே உங்கள் சமையலறையில் எனக்குக் குமட்டியது. புது மருமகள், வெளியே சொல்லவில்லை.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் அலமாரிக் கதவுகளுக்கு நீங்களே பெயின்ட் அடிப்பீர்கள். ஐப்பசி மழையில் இந்த மலையில் துவைத்த துணியே காயாது, பெயின்ட்டா காயும்? ஜன்னலைச் சாத்திவிட்டு, இரும்புச் சட்டியில் கரியை மூட்டி நடுவில் வைப்பீர்கள். கதவு காய்வதற்குள் கரித்தூளும் விட்டில்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். "அடுத்த வருசம் அடிக்கிறப்ப மறைஞ்சுரும் கண்ணு" என்பீர்கள். பிசுக்கின் மேல் பச்சை, பச்சையின் மேல் நீலம்.

"சுரண்டிட்டு அடிக்கலாமுங்க அத்தை" என்றேன் ஒருமுறை.

"சுரண்டுனா தூளெல்லாம் சோத்துல உழுகும். மேல அடிச்சா அடங்கிக் கெடக்கும். காலேசுல இதச் சொல்லித்தர மாட்டாங்களாட்ட இருக்குது."

வேதியியல் படித்தவளிடம் சொன்னீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. பாப்பா நிற்கப் பழகுகிறாள். போன வாரம் கீழ்க் கதவைப் பிடித்து நின்றவளின் வாயில் நீலமாக ஏதோ தெரிந்தது. விரலை விட்டு எடுத்தேன். நகமளவு பெயின்ட் சில்லு. அதில் ஒரு விட்டில் இறகு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். டாக்டரிடம் ஓடினேன். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்துப் பார்த்து உங்களைத் திட்டினேன்.

மறுநாளே உப்புத்தாள் வாங்கி வந்து தேய்க்க உட்கார்ந்தேன். ஆறு பூச்சுகள். தேய்க்கத் தேய்க்கக் கரப்பான் கால், கருகிய பிசுக்கு, ஒரு நரைமுடி. உங்களுடையதுதான். அதைப் பார்த்தும் அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

மூன்று கதவுகளை முடித்துவிட்டுத் திரும்பினேன். மிக்ஸி, அரிசி டப்பா, பால் டம்ளர், எல்லாவற்றின் மேலும் மெல்லிய நீலத் தூள். ஹாலில் தூங்குகிறாள் என்று நான் நினைத்திருந்த பாப்பா, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு சில்லை அவளாக வாயில் போட்டாள். மிச்சத்தை நான் ஊட்டியிருக்கிறேன். கரப்பான் காலைப் பார்த்து வந்த குமட்டல் அப்படியே என் பக்கம் திரும்பியது.

"எங்கம்மா அப்பவே சொன்னாங்கல்ல" என்றார் உங்கள் மகன்.

"உங்கம்மா தூளுக்குப் பயந்து சொல்லலீங்க. சோம்பேறித்தனத்துல சொன்னாங்க."

இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் சொன்னீர்கள்.

இன்று சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பயமில்லை என்றார்கள். அது தூளுக்கு முன்னால் எடுத்த ரத்தம், அத்தை. திங்கட்கிழமை மறுபடியும் எடுக்க வேண்டும்.

நாலாவது கதவைச் சுரண்டவில்லை. ஈரத்துணியால் துடைத்து மேலேயே அடித்துவிட்டேன். கரிச்சட்டியை மட்டும் மூட்டவில்லை. மழை விடவில்லை, கதவு இன்னும் பிசுபிசுக்கிறது. சற்றுமுன் தொட்டுப் பார்க்கக் குனிந்தபோது என் முடி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் பூச்சும் சேர்ந்து வரும்.

விட்டுவிட்டேன்.