கை ஓங்கினால் பாட்டு நிற்கும்

மெம்பிஸ்
மார்ச் 4

அன்புத் தங்கை ஏர்லீனுக்கு,

நலம்தானே? என் போனை எடுக்கமாட்டாய், அதனால் எழுதுகிறேன். நம்மைப் போன்ற பழைய சோல் இசைப் பாட்டுக்காரர்களை, சாவதற்குள் ஒன்றாக மேடையேற்றிப் பதிவு செய்ய ஓர் அறக்கட்டளை பணம் தருகிறது. தனித்தனியாக வாசித்து ஒட்டக் கூடாது. ஒரே மேடை, எதிரே ஜனம். நம் குழுவில் மிஞ்சியது மூன்றே பேர். நீ வந்து ஆர்கன் பெட்டி வாசிக்கவில்லையென்றால் பணம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பேஸ் கித்தார் வாசிக்கும் ஹோசியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, டயாலிசிஸ் ஊசியில்தான் ஓடுகிறது. "ஏர்லீன் வந்தா ஊசியோடவே வந்து வாசிப்பேன்டா" என்கிறான். பழசை மறந்துவிட்டு வா.

உன் அண்ணன்
லியோடிஸ்

டெட்ராய்ட்
மார்ச் 15

லியோடிஸ் அண்ணனுக்கு,

எதை மறக்க? நீ பாடிக்கொண்டே முஷ்டியைத் தூக்கி இறக்கினால் மொத்தக் குழுவும் பாட்டைச் சட்டென்று வெட்டி நிறுத்த வேண்டும். மேக்கன் ஊர்க் கச்சேரியில் நான் ஒரு சுற்று கூடுதலாக வாசித்துவிட்டேன். திரைக்குப் பின்னால் மைக் கம்பத்தால் என் தாடையை உடைத்தாய். நாலு பல்லைக் கையில் ஏந்தி நின்றேன். "ஏறுடி மேல, ஜனம் காத்துக்கிட்டிருக்கு" என்றாய். வாயில் துணியை அடைத்துக்கொண்டு வாசித்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பாவி.

ஹோசியாவுக்காக வருகிறேன். என் முன்னால் அந்தக் கையைத் தூக்காதே.

ஏர்லீன்

மெம்பிஸ்
ஏப்ரல் 2

தங்கைக்கு,

தலையசைத்தே வெட்டுகிறேன், சத்தியம். "கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுத் தைச்சுக்கோடா" என்று ஹோசியா கிண்டல் செய்கிறான். உனக்குக் கெளுத்தி மீன் வறுவல் சொல்லி வைத்திருக்கிறேன்.

லியோடிஸ்

டெட்ராய்ட்
ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

ஒத்திகையில் மூன்றாவது பாட்டிலேயே கையைத் தூக்கிவிட்டாய். வேண்டுமென்று இல்லை, தெரியும். பாட்டு சூடேறினால் உன் கை தன்னால் ஏறும். என் உடம்புக்கு அது தெரியுமா? எழுபத்தாறு வயதில் ஆர்கனுக்கு அடியில் மண்டையை மூடிக்கொண்டு கிடந்தேன். "எழுந்திருடி, நாடகம் போடாத" என்று நீ குனிந்தாய் பார், அப்போதுதான் மைக் கம்பத்தை எடுத்தேன். உன் மணிக்கட்டு முறிந்த சத்தம் நன்றாகக் கேட்டது. அதில் வருத்தமில்லை. அடுத்த அடி உன் மண்டைக்குத்தான். ஹோசியா குறுக்கே விழுந்து என்னைப் பிடித்துக்கொண்டான். ஊசி குத்திய கையிலிருந்து ரத்தம் கொட்டக் கொட்ட அழுதான். அவன் அழுததுதான் தாங்கவில்லை.

ஏர்லீன்

மெம்பிஸ்
ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். உன்மேல் போலீசில் புகார் கொடுக்கவா என்று கேட்டார்கள். "அவள ஆறு வருஷம் அடிச்சேன். தாடைய ஒடச்சது நான்தான்" என்றேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. பதிவு நடக்க வேண்டுமா, நான் மேடையில் நிற்கலாமா, எல்லாம் உன் இஷ்டம் என்கிறார்கள். ஹோசியா அதிக நாள் தாங்கமாட்டான். என்னைத் தள்ளிவிட்டாவது அவனோடு வாசி. மன்னித்துவிடு ஏர்லீன்.

லியோடிஸ்

டெட்ராய்ட்
மே 8

அண்ணனுக்கு,

மன்னிக்கமாட்டேன். ஆனால் நீ பாடு. உன் குரல் இல்லாமல் அது நம் பாட்டே இல்லை, அந்த நாசமாய்ப் போன குரல்.

அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஆர்கன் மேடையின் முன்பக்கம், நீ எனக்குப் பின்னால். பாட்டை வெட்டுவது இனி என் கை. எப்போது தூக்குவேன், எப்போது இறக்குவேன் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன். கண்ணை எடுக்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டே பாடு. ஆறு வருஷம் எனக்கிருந்த பயம் உனக்கும் வரும்.

வரட்டும்.

ஏர்லீன்