சுகனாவின் வாசலுக்கு ஏழு மண்கிளிகள்

கேசர் அக்காவுக்கு, சூரத்திலிருந்து தம்பி பன்வர் கும்பிட்டு எழுதுவது. நீயும் உன் மகள், நம் கல்யாணப் பெண் சுகனாவும் சுகந்தானே?

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் கால் சற்றே முறிந்தது. என் எலும்பின் உறுதியைப் பார்த்து டாக்டரே அசந்துபோனார்! ஆனால் கல்யாணத்துக்குப் பயணம் கூடாதாம்.

படுத்தபடியே களிமண்ணில் ஏழு கிளிகள் செய்து, உடைந்த வளையல், சோடா மூடியெல்லாம் பதித்து, வாசல் தோரணம் கட்டி லாரியில் அனுப்பியிருக்கிறேன். சூரத்தே திரண்டு வந்து பார்த்தது.

அறைக்கூட்டாளி ஹுக்மாதான், “யோவ், நம்ம ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வாசல்ல வந்து வாளால தோரணத்தைத் தட்டுவானே, உன் கிளியெல்லாம் பொலபொலன்னு உதிருமே!” என்றான். “போடா, யானை மோதினாலும் அசையாது” என்றேன். எதற்கும் மாப்பிள்ளையை வேப்பங்குச்சியால் மெல்லத் தொடச் சொல்.

தாய்மாமன் சீரன்று, தம்பி அக்காவுக்குச் சேலை போர்த்தும் நம் சடங்குக்கு, எனக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு ஜேதாராமைக் கூப்பிடு. அவன் என்னைவிடக் குட்டை. நீ கொஞ்சம் குனிந்துகொள், அக்கா.