தீவில் நாலரை மணிச் சாப்பாடு

என்னங்க,

கோவமா தூங்கிக்கினு இருக்கீங்க, எழுப்பல. மதியச் சாப்பாடு கேரியர்ல இருக்குது, மறக்காம கடைக்கு எடுத்துனு போங்க. சாவியை எதிர்வீட்டுக் காந்தாகிட்ட குடுத்துடுங்க.

நான் ஏனாத்தூருக்கு, நம்ம பொண்ணு சம்யுக்தா காலேஜுக்குப் போறேன். அவ போன்ல அந்தமானுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுட்டுத்தான் திரும்புவேன். மூணு தீவு, நாலு நாள்.

"அங்க அஞ்சு மணிக்கே இருட்டிடும். பொழுது சாஞ்சா நீ ஒரு பருக்கை தொடமாட்ட. உன் சாப்பாட்டுக்காகக் கப்பல் நிக்குமா?"ன்னு நேத்து கத்தினீங்களே, கப்பல் நிக்க வேணாம். தீவு விட்டுத் தீவு போற கப்பலெல்லாம் காலையிலயே ஏறுற மாதிரி திட்டத்தை மாத்திட்டேன். நாலரைக்குச் சாப்பாடு.

இருட்டினா சாப்பிடக்கூடாதுங்கற ஜைன விரதத்துக்காக இருபத்திரண்டு வருஷமா நான் வெளிச்சத்துல தனியா சாப்பிடுறேன். நீங்க பட்டுக்கடையை மூடிட்டு வந்து ஒன்பது மணிக்குத் தனியா சாப்பிடுறீங்க. அந்தமான்ல உங்களுக்குக் கடை இல்ல. அதுக்குத்தான் போறோம். கடல் பார்க்க மட்டும் இல்ல.

குணமாலா

மாத்திரை போட்டுக்கோங்க.

இன்னொண்ணு. அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவேன். இன்னிக்கு அஞ்சரைக்கு உங்க தட்டையும் சேர்த்து வைக்கிறேன். ஒத்திகைன்னு நெனச்சிக்கினு வாங்க.